முகப்பை விடுங்க, தரை எந்த உயரத்துல இருக்கு?

பழைய துறைமுக ஊர் ஒண்ணுல புதுசா ஒரு மியூசியம் வரப்போகுதுன்னு செய்தி வந்தா போதும், அதுக்கப்புறம் நடக்கப்போற சண்டையை நான் இப்பவே ஒப்பிச்சுருவேன். ஒரு கோஷ்டி "ஊரோட அழகே போச்சு, கண்ணாடிப் பெட்டியைக் கொண்டாந்து வெக்கிறாங்க"ம்பாங்க, இன்னொரு கோஷ்டி "பழசையே காப்பி அடிச்சா அது சினிமா செட்டு, இந்தக் காலத்துக் கட்டடம் இந்தக் காலம் மாதிரிதான் இருக்கணும்"பாங்க, நடுவுல ஆர்க்கிடெக்ட் ஒரு ரெண்டர் படம், அதாவது கட்டடம் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல போட்ட படம், எடுத்து விடுவாரு, அதுல எப்பவும் சாயங்கால வெளிச்சம், தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம கிடக்கும், ஒரு குழந்தை பலூன் வெச்சிருக்கும், மேல நாலு கடற்புறா. எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துதான் அடிச்சுக்குவாங்க. செங்கல்லா கண்ணாடியா, கூரை சரிவா தட்டையா, கலர் கருப்பா வெள்ளையா.

நான் ஒரு டிசைன் ஆபீஸ்ல டிராயிங் போட்டுத்தான் பொழைக்கிறேன், அதனால எனக்கு இந்த ரெண்டர் மேல பெரிய மரியாதை கிடையாது. யாராவது இந்த மாதிரி ஒரு ப்ராஜெக்ட் அனுப்பினா நான் முதல்ல கேக்குறது செக்‌ஷன். அதாவது கட்டடத்தைக் கத்தி வெச்சு குறுக்கால அறுத்துக் காட்டுற படம். அதுல ஒரே ஒரு கோட்டைத் தேடுவேன்: தரை. தண்ணி மட்டத்துக்கு எவ்வளவு மேல, தெருவுக்கு எவ்வளவு மேல இல்ல கீழ. கரையோர ஊர்ல ஒரு மியூசியம் நல்லா அமையுமா இல்லையாங்கறதுல பாதிக்கு மேல அந்த ஒரு கோட்டுலயே முடிவாயிடுதுங்கறதுதான் என் கட்சி. முகப்பெல்லாம் அப்புறம்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன"ன்னு நம்மள்ல சொல்வாங்கல்ல, அது மனுஷனுக்குச் சரி. மியூசியத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது, அங்க ஒரு சாண்தான் விஷயமே.

ஏன் இவ்வளவு சிக்கல்னு முதல்ல சொல்லிடறேன். பழைய கரையோர ஊர்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன மனையா வளர்ந்தது. தண்ணியைப் பார்த்த இடத்துக்கு கிராக்கி, அதனால முகப்பு குறுகலா, மனை உள்ள நீளமா ஓடும், பக்கத்துல பக்கத்துல ஒட்டி வரிசையா வீடு, கிடங்கு, கடை. மியூசியத்துக்கு வேணும்கிறது இதுக்கு நேர் எதிர். பெரிய ஹால், ஜன்னலே இல்லாத சுவர், உயரமான சீலிங். பேப்பர், துணி மாதிரி பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் தாங்கும், அது ஒரு மங்கலான படுக்கையறை அளவு. காத்துல ஈரப்பதம் 40-லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள நிக்கணும், அதுவும் தடாலடியா மாறக்கூடாது. கடல் காத்து இதுக்கெல்லாம் மசியாது. உப்பு சாதாரண இரும்பை மட்டுமில்ல, மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியா அரிச்சுடும், அதனாலதான் கடலோரத்துல மாலிப்டினம் கலந்த 316 கிரேடு கேப்பாங்க. ஆக யானையை பானைக்குள்ள அடைக்கச் சொல்றாங்க, அந்தப் பானையும் தண்ணிக்கு ஓரமா இருக்கு.

சரி, தரைக்கு வருவோம். இதுல நாலு வழிதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. தண்ணியோட மட்டத்துக்கே உக்காரலாம், கீழ இறங்கலாம், மேல ஏறலாம், இல்லன்னா தண்ணியை உள்ள விடலாம். நாலுக்கும் ஆள் இருக்கு.

மட்டத்துக்கு உக்கார்ந்ததுக்கு டென்மார்க்ல ராஸ்கில்ட வைக்கிங் கப்பல் மியூசியம். 1962-ல அந்த ஊர் ஃபியார்டுல, அதாவது நிலத்துக்குள்ள நீளமா புகுந்த கடல்ல, தண்ணியைத் தடுத்து, அணை மாதிரி கட்டி வடிச்சுட்டு அஞ்சு கப்பலைத் தோண்டி எடுத்தாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எதிரி உள்ள வராம இருக்க அந்த ஊர்க்காரங்களே கல்லை நிரப்பி மூழ்கடிச்ச கப்பல்கள். 1969-ல எரிக் கிறிஸ்டியன் சோரன்சன் டிசைன்ல கான்க்ரீட் கட்டடம் எழும்பிச்சு. அந்த ஹால்ல ஃபியார்டைப் பார்த்த பக்கம் பூரா கண்ணாடி, கப்பலோட எலும்புக்கூடு நிக்குது, அதுக்குப் பின்னாடி அது ஓடின அதே தண்ணி தெரியுது. அறுபதுகள்ல இதைவிட நல்ல ஐடியா யாருக்கும் வந்திருக்காது. கப்பலைத் தண்ணிகிட்ட கொண்டு போய் நிறுத்தறதுதானே நியாயம்.

அந்த நியாயம்தான் பின்னாடி கழுத்தைப் பிடிச்சுது. 2013 டிசம்பர்ல ஒரு புயல், டென்மார்க்ல அதுக்கு போடில்னு பேரு. ஃபியார்டுல தண்ணி வழக்கத்தைவிட ரெண்டு மீட்டருக்கு எகிறி வந்து அந்தக் கட்டடத்துமேல முட்டுச்சு. ஆளுங்க போராடி கப்பலைக் காப்பாத்திட்டாங்க, ஆனா கேள்வி வந்துருச்சு. கான்க்ரீட்டும் அதுக்குள்ள உப்புல வீணாகிக்கிட்டு இருந்துது. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டடமே பாரம்பரியச் சின்னம்னு பாதுகாப்புப் பட்டியல்ல ஏறியிருந்துச்சு. அப்ப எதைக் காப்பாத்தறது, கப்பலையா கப்பலுக்குக் கட்டின கூட்டையா? 2018-ல அந்த நாட்டுக் கலாச்சார அமைச்சர் கட்டடத்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. ஆர்க்கிடெக்சர் ஆளுங்க நிறையப் பேருக்கு அது இன்னமும் ஆறாத கோவம். எனக்கு அந்தக் கட்டடம் ரொம்பப் பிடிக்கும், அந்தக் கான்க்ரீட் முரட்டுத்தனத்துல ஒரு அழகு இருக்கு, ஆனாலும் அமைச்சர் பக்கம்தான் நான். ஆயிரம் வருஷத்து மரம் ஒரு தடவை நனைஞ்சா அவ்வளவுதான், கான்க்ரீட்டை இன்னொரு தடவை வார்த்துக்கலாம்.

கீழ இறங்கினதும் அதே நாட்டுலதான், ஹெல்சிங்கோர்ல. அந்த ஊர்ல க்ரோன்போர்க் கோட்டை இருக்கு, 2000-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல. அதுக்குப் பக்கத்துல பழைய கப்பல் கட்டுற தளம், 1983-ல மூடிட்டாங்க. கோட்டைக்குள்ளயே இருந்த கடல்சார் மியூசியத்துக்கு வெளியில இடம் வேணும், ஆனா கோட்டையை மறைச்சு ஒரு செங்கல்கூட தரைக்கு மேல எழும்பக் கூடாது. கிடைச்சது ஒரு காலி ட்ரை டாக், கப்பலை உள்ள விட்டுத் தண்ணியை இறைச்சுட்டு ரிப்பேர் பண்ற குழி. சுமாரா 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம். யாரா இருந்தாலும் அந்தக் குழிக்கு ஒரு மூடி போட்டு உள்ள மியூசியத்தை நிரப்பியிருப்போம். ஆர்க்கிடெக்ட் பியார்க்க இங்கெல்ஸோட பிக் (BIG) ஆபீஸ் அந்தக் குழியைக் காலியாவே விட்டுட்டு, அதோட சுவருக்கு வெளிப்பக்கம் சுத்தித் தோண்டி அங்க மியூசியத்தை வெச்சாங்க. குழிக்குக் குறுக்க மூணு பாலம் மட்டும். 2013 அக்டோபர்ல திறந்தாங்க, ராஸ்கில்டல தண்ணி எகிறினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.

வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, கைப்பிடிச் சுவருகிட்ட போய் எட்டிப் பார்த்தாதான் கீழ ஒரு உலகம். எல்லாரும் இதைத்தான் பாராட்டுவாங்க. எனக்கு அதைவிட சுவாரசியம் வேற ஒண்ணு. தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு காலிப் பெட்டியைப் புதைச்சா அது மிதக்கப் பார்க்கும். நிஜமாவே. மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி கீழேர்ந்து அழுத்தும், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன். 9 மீட்டர்னா 9 டன். நிலத்தடி நீர் மேல வரைக்கும் நின்னா அந்தக் குழியோட அடித்தளத்துல மொத்தம் முப்பதாயிரம் டன்னுக்கு மேல மேல் நோக்கித் தள்ளும். கான்க்ரீட் எடையாலயே அதை அமுக்கணும்னா மூணே முக்கால் மீட்டர் தடிமன் போடணும், யாரும் போட மாட்டாங்க. அதனால கீழ ஆழமா துளை போட்டு நங்கூரம் மாதிரி கட்டி இழுத்துப் பிடிப்பாங்க. கப்பல் மியூசியமே நங்கூரத்துல நிக்குதுங்கறது அங்க வர்ற பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது, ஆனா பட்ஜெட் போட்டவங்களுக்கு ராத்திரி தூக்கம் போனது அதுலதான் இருக்கும். பூமிக்குக் கீழ போனா ஊருக்குத் தொந்தரவு இல்லன்னு மீட்டிங்ல ஈஸியா சொல்லிடறாங்க. கண்ணுக்குத்தான் தொந்தரவு இல்ல. பம்ப்பு, வாட்டர்ப்ரூஃபிங், நங்கூரம், இதெல்லாம் அந்தக் கட்டடம் இருக்குற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கிற செலவு மீட்டர்.

மேல ஏறினது இங்கிலாந்துல மார்கேட். ஓவியர் டர்னர் அடிக்கடி வந்து தங்கின ஊர், அவர் தங்கின மிஸஸ் பூத் வீடு இருந்த அதே இடத்துல இப்ப டர்னர் கன்டெம்பரரிங்கற ஓவியக் கூடம் நிக்குது. ஆனா முதல்ல வர இருந்தது வேற. நார்வேயோட ஸ்னோஹெட்டா ஆபீஸும் ஸ்டீபன் ஸ்பென்ஸும் போட்டியில ஜெயிச்சாங்க, அவங்க டிசைன் துறைமுகச் சுவரோட கடல் பக்கமா, அலைக்குள்ளயே போய் நிக்கிற ஒரு சிப்பி ஓடு மாதிரி. படத்துல பார்த்தா மயங்கிடுவோம். செலவுக் கணக்கு ஏறிக்கிட்டே போய் 2006-ல கைவிட்டாங்க. அந்தக் கரையில 1953 புயல்ல துறைமுகத்தோட லைட்ஹவுஸே விழுந்திருக்கு, 1978 புயல்ல கடலுக்குள்ள நீண்டிருந்த ஜெட்டி உடைஞ்சு போயிருக்கு. அதையெல்லாம் உடைச்ச கடல்கிட்ட போய் ஓவியத்தைத் தொங்க விடறேன்னா அலையைத் தாங்குற செலவு ஓவியத்துக்குச் செய்யற செலவை முழுங்கிடும், வேறென்ன ஆகும்.

அப்புறம் வந்த ஆர்க்கிடெக்ட் டேவிட் சிப்பர்ஃபீல்ட் கரையில ஏறி உக்காந்தாரு. தரையை உயர்த்தி ஒரு மேடை, அது மேல ஒரே மாதிரி ஆறு கூடம், எல்லாத்துக்கும் ஒரு பக்கமா சரிஞ்ச கூரை, வடக்கு வெளிச்சம் உள்ள வர்ற மாதிரி. வெளியில ஆசிட்ல மங்கலாக்கின தடிக் கண்ணாடி, அலைச் சாரல் அடிச்சாலும் வழிஞ்சு போயிடும். 1.75 கோடி பவுண்டுல முடிச்சு 2011 ஏப்ரல்ல திறந்தாங்க. அந்த ஆளு ஊரைக் காப்பி அடிக்கவும் இல்ல, ஊரைப் பார்த்து நாக்கைத் துருத்தவும் இல்ல. பெரிய ஹாலை ஆறா உடைச்சதுதான் கெட்டிக்காரத்தனம், ஒரே பெட்டியா வெச்சிருந்தா கடலோர குடோன் மாதிரி இருந்திருக்கும்.

ஆனா மேடைன்னு சொல்லும்போதே ஒரு பிரச்சினையும் கூட வருது. நீங்க தரையை உயர்த்தின அன்னைக்கே ஊரைவிட்டு ஒரு படி தள்ளிப் போயிட்டீங்க. தெருவுல போறவன் சும்மா உள்ள நுழைய மாட்டான், ஏறி வரணும், ஏறி வர்றதுக்கு மனசுல ஒரு காரணம் வேணும். ராம்ப் போட்டுட்டா சரியாயிடும்பாங்க. ஒண்ணுக்குப் பன்னெண்டு சரிவுல ராம்ப் போட்டா ஒன்றரை மீட்டர் ஏற பதினெட்டு மீட்டர், நடுவுல நின்னு மூச்சு வாங்க லேண்டிங் வேற, இருபது மீட்டரைத் தாண்டிடும். பழைய ஊர்ல இருபது மீட்டர்ங்கறது மூணு வீட்டு முகப்பு. அதை எங்க வெக்கப் போறீங்க? கட்டடத்துக்கு முன்னாடி வெச்சா அது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆயிடும், பின்னாடி தள்ளினா வீல்சேர்ல வர்றவங்க பின்வாசல் வழியா வரணும், அது அசிங்கம். நல்ல ஆர்க்கிடெக்ட் கட்டடத்துக்கு வெளியிலயே, நடைபாதையையே மெதுவா சரிச்சு ஏத்திடுவாங்க, நீங்க ஏறினதே உங்களுக்குத் தெரியாது. இது எந்த ரெண்டர்லயும் தெரியாத வேலை, ஆனா டிராயிங் போடறப்ப உயிர் போறது இதுலதான்.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெனிஸ்ல குவரினி ஸ்டம்பாலியான்னு ஒரு பதினாறாம் நூற்றாண்டு மாளிகை, 1869-லேர்ந்து அறக்கட்டளை, மேல லைப்ரரியும் மியூசியமும். கீழ்த்தளம் வெள்ளத்துல கிடந்து வீணாப் போயிருந்துச்சு. ஆர்க்கிடெக்ட் கார்லோ ஸ்கார்ப்பா 1960-களோட ஆரம்பத்துல அதைச் சீர் பண்ணினாரு. எல்லாரும் தண்ணியை எப்படித் தடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்த ஊர்ல இவர் அதுக்கு ஒரு வழி போட்டுக் குடுத்தாரு. கால்வாய்ப் பக்கம் இருக்கிற வாசல்ல இரும்புக் கிராதி, அது வழியா அலை உள்ள வரலாம். உள்ள வந்தா கல்லுப் படிகள், ஒண்ணுக்கொண்ணு உயரம் மாறி மாறி, சும்மா பார்த்தா ஏதோ விளையாட்டு மாதிரி தெரியும். தண்ணி ஏற ஏற ஒவ்வொரு படியா மறையும், எவ்வளவு ஏறியிருக்குன்னு அளவுகோல் பார்க்காமலே தெரிஞ்சுக்கலாம். நாம நடக்கிற பாதை தனியா உயர்த்தி, ரெண்டு ஓரமும் வரப்பு மாதிரி கல்லு விளிம்பு எடுத்து விட்டிருப்பாரு. தண்ணி பக்கவாட்டுல கால்வாய் மாதிரி ஓடும், நாம நடுவுல காலு நனையாம போகலாம். சுவருல பூசின பலகைகளைப் பழைய செங்கல் சுவரோட ஒட்டாம கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருப்பாரு, பின்னாடி ஈரம் மூச்சு விட்டுக் காயறதுக்கு.

இதை நான் பைத்தியம் மாதிரி அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பழைய கட்டடத்துக்குள்ள புதுசா வேலை செஞ்சிருக்காரு, எது பழசு எது அவரோடதுன்னு பார்த்தவுடனே பிரிச்சுச் சொல்லிடலாம், ஆனா எங்கயும் சண்டை இல்ல. முகப்பைப் பத்தின எந்தக் கோஷ்டியும் இதுல வாயைத் திறக்க முடியாது, ஏன்னா விஷயம் பூரா தரையில நடக்குது. 1966 நவம்பர்ல வெனிஸ்ல தண்ணி 194 சென்டிமீட்டர் ஏறுச்சு, 2019 நவம்பர்ல 187. அந்த அளவு வந்தா எந்த வரப்பும் நிக்காதுதான், ஸ்கார்ப்பாவுக்கும் அது தெரியும். அவர் கணக்கு போட்டது வருஷா வருஷம் வந்து போற சாதாரண ஏத்தத்துக்கு. கீழ்த்தளத்துல கெட்டுப் போறதை வெக்காதீங்க, கல்லும் கான்க்ரீட்டும் நனையட்டும், தண்ணி வடிஞ்சதும் கழுவி விட்டுட்டு வேலையைப் பாருங்க. அவ்வளவுதான் அவரோட தத்துவம். 2020-லேர்ந்து மோசே தடுப்பணையை கடல்ல எழுப்பி ஊருக்குள்ள பெரிய ஏத்தம் வராம பார்த்துக்கறாங்க, அது வேற கதை, அதோட செலவும் வேற கதை.

சரி, தரைன்னா உயரம் மட்டும்தானான்னு கேட்டா இல்ல. அந்தத் தரை முன்னாடி யாரோடதுங்கறதும் இருக்கு, அதுல நல்ல நல்ல கட்டடமெல்லாம் அடிவாங்கியிருக்கு.

இங்கிலாந்துலயே ஹேஸ்டிங்ஸ்னு ஒரு ஊர். ஸ்டேட்னு சொல்ற கடற்கரையில இன்னமும் மீனவங்க படகைக் கூழாங்கல் கரையிலேர்ந்து தள்ளித்தான் கடலுக்குப் போறாங்க, கரைக்கு மேல வரிசையா உயரமா ஒல்லியா கருப்பு மரக் கொட்டாய்கள், தார் பூசினது, வலையை நனையாம வெச்சுக்கறதுக்கு. அங்க டூரிஸ்ட் பஸ் நிக்கிற பார்க்கிங்ல ஜெர்வுட் கேலரி கட்டப் போறோம்னாங்க. ஊரே ரெண்டாச்சு, "ஸ்டேட்ல ஜெர்வுட் வேணாம்"னு போர்டு. ஹேட் ப்ராஜெக்ட்ஸ்னு சின்ன ஆபீஸ்தான் டிசைன். கட்டடத்தைத் தாழ்வா வெச்சு, வெளியில பூரா கருப்பு பளபளா டைல், பக்கத்துல இருக்கிற தார்க் கொட்டாய் கலருக்கு இழுத்தாங்க. மழை பெஞ்சா அது வானத்தோட கலரை வாங்கி மாறும். 2012 மார்ச்ல திறந்தப்ப கட்டடத்தைத் திட்ட ஆளே இல்லாம போச்சு, அவார்டும் வாங்குச்சு.

ஆனா எதிர்த்தவங்க டைலைப் பத்தியா எதிர்த்தாங்க? பஸ் நின்னா கடைக்கு வியாபாரம், பஸ் போயிட்டா நாங்க என்ன பண்றதுன்னு கேட்டாங்க. அதுக்கு அழகான டைல் பதில் ஆகாது. இந்த ஃபீல்டுல இருக்கிறவங்ககிட்ட எனக்கு இருக்கிற ஒரே கடுப்பு இதுதான், ஜனங்க பார்க்கிங் பத்திக் கேட்டா இவங்க மெட்டீரியல் பத்திப் பேசுவாங்க. அப்புறம் 2019-ல ஜெர்வுட் அறக்கட்டளையே விலகிருச்சு, கேலரி ஹேஸ்டிங்ஸ் கன்டெம்பரரின்னு பேரை மாத்திக்கிட்டு ஓடுது. பேரைக் குடுத்தவங்க போயிடுவாங்க, கட்டடம் அங்கதான் இருக்கும், பஸ்ஸைத் தேடிக்கிட்டு கடைக்காரரும் அங்கதான் இருப்பாரு.

பெரிய ஊருலயும் இதே கதைதான். ஸ்டாக்ஹோம்ல நோபல் பரிசு பத்தின மியூசியமா வர இருந்த நோபல் சென்டருக்கு அதே சிப்பர்ஃபீல்ட் 2014-ல போட்டியில ஜெயிச்சாரு, ப்ளாசிஹோல்மன்ல தண்ணியோரம், பித்தளை நிறத்துல மின்னுற கட்டடம். அதுக்கு வழி விட 1876-ல கட்டின துறைமுகச் சுங்க அலுவலகக் கட்டடம் இடிஞ்சாகணும். ராஜாவே பேட்டியில இந்த இடம் சரியில்லன்னு சொன்னாரு, அந்த ஊர்ல ராஜா இதுக்கெல்லாம் வாயைத் திறக்கிறது அபூர்வம். 2018 மே மாசம் நிலம், சுற்றுச்சூழல் விவகாரத்துக்கான கோர்ட்டு தடுத்துருச்சு. அங்க வரப்போற உயரமும் பருமனும் துறைமுகக் கரையோட சரித்திரத்தைக் கெடுக்கும்னு. இப்ப ஸ்லுஸன் பக்கம் வேற இடம், ஆர்க்கிடெக்ட் அதே ஆளு. மார்கேட்ல அவ்வளவு நிதானமா இருந்தவர் இங்க ஏன் அவ்வளவு பெரிய பெட்டியோட வந்தாருன்னு கேக்கலாம். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, ஹால் வேணும், ஆடிட்டோரியம் வேணும், லைப்ரரி வேணும், ரெஸ்டாரன்ட் வேணும்னு லிஸ்ட் குடுத்தது அவரில்ல. லிஸ்ட்டு இடத்தைவிடப் பெருசா இருந்தா எந்த மேதையும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில குகன்ஹைம் மியூசியம் வர்றதுக்கு 1,715 டிசைன் வந்துச்சு, தெற்குத் துறைமுகத்துல. மொரோ குசுனோகி ஜெயிச்சது கருக்கின மரத்துல சின்னச் சின்னக் கூடங்களா சேர்த்த டிசைன், ஊரோட அளவுக்கு ரொம்பப் பொருத்தம், எனக்குப் பிடிச்சிருந்துது. 2016 டிசம்பர்ல நகர சபை ஓட்டுப் போட்டு வேணாம்னுட்டாங்க, காசு யார் குடுக்கிறதுங்கற கேள்வியில. டிசைன் பாஸு, ப்ராஜெக்ட் ஃபெயிலு.

தரையை ஊருக்குத் திருப்பிக் குடுத்தவங்களும் இருக்காங்க. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப்ல மாஸ்னு மியூசியம், 2011, நியூட்டலிங்ஸ் ரீடைக் டிசைன். பழைய டாக்குக்கு நடுவுல 60 மீட்டருக்கு மேல உயரம், சிவப்பு மணற்கல் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி அடுக்கின மாதிரி. காகிதத்துல கேட்டா நான் கண்டிப்பா எதிர்த்திருப்பேன். ஆனா எஸ்கலேட்டர்ல கூரை வரைக்கும் யார் வேணா டிக்கெட் இல்லாம ஏறிப் போகலாம், நெளிநெளியான கண்ணாடி வழியா ஊர் மாடி மாடியா கீழ இறங்கும். மேல போனா துறைமுகம் முழுக்க. காட்சிக்கூடத்துக்குள்ள போறதும் போகாததும் உங்க இஷ்டம். தரையில எடுத்துக்கிட்ட இடத்தை மேல தெருவா மாத்திக் குடுத்துட்டாங்க, அதனால உயரத்தை ஊரு மன்னிச்சிருச்சு. பிரான்ஸ்ல மார்செய்ல 2013-ல ரூடி ரிச்சியோட்டி கட்டின முசெம் மியூசியமும் அந்த வகைதான். பழைய செயின்ட் ழான் கோட்டைக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவுல தண்ணிக்கு மேல 115 மீட்டர் நீளத்துல ஒல்லியா ஒரு பாலம், கோட்டையிலேர்ந்து இன்னொரு பாலம் பழைய பனியே குடியிருப்புக்கு. சும்மா காத்து வாங்கப் போறவங்ககூட மியூசியத்துக் கூரை வழியா நடந்து போவாங்க. புதுக் கட்டடமும் பழைய கோட்டையும் ஒத்துப்போகுதான்னு யாரும் இப்ப கேக்கிறதில்ல, ரெண்டையும் தாண்டித்தானே நடந்து போறோம்.

கடைசியா ஒண்ணு, இதைப் பத்தி எந்த மேடையிலயும் பேச மாட்டாங்க. லாரி. கண்காட்சிக்கு ஓவியம் பெட்டியில வரும், பெரிய பெட்டி, ஏர் சஸ்பென்ஷன் வெச்ச லாரியில. அது பழைய ஊர்ச் சந்துல திரும்பணும், பின்பக்கம் வந்து ஒட்டணும், ஷட்டரை இறக்கிட்டுத்தான் கதவைத் திறக்கணும், ஈரக் காத்து உள்ள போகக் கூடாதுல்ல. அங்கேர்ந்து சாமான் லிஃப்ட்டு, லிஃப்ட்டுக்கு நேரா ஸ்டோர். இந்த ஒரு வரிசை சரியா அமையலன்னா மத்த ஊர் மியூசியங்க பொருளைக் கடனாவே குடுக்க மாட்டாங்க. லாரி வர்ற தரை, ஊர் நடக்கிற தரை, வெள்ளத்துக்கு மேல இருக்க வேண்டிய தரை, மூணும் மூணு உயரம், மூணையும் ஒரு சின்ன மனைக்குள்ள சந்திக்க வெக்கணும். முகப்பைப் பத்திப் பேசிப் பேசி கடைசி ரெண்டு வாரத்துல பின்வாசலை வரையற ப்ராஜெக்ட்டையும் பார்த்திருக்கேன், அதுல நானே ராத்திரி உக்காந்து லாரியோட டர்னிங் வட்டத்தைப் போட்டுப் போட்டு அழிச்சதுதான் மிச்சம், வட்டம் எதிர் வீட்டுத் திண்ணையை ஏறி மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஸ்டோரை பேஸ்மென்ட்ல வெக்கிற பழக்கத்தை மட்டும் கரையோர ஊர்ல யாராவது சட்டம் போட்டுத் தடுக்கணும். மேல்மாடி காட்சிக்கு, கீழ்மாடி வரவேற்புக்கு, மிச்சம் இருக்கிறது பேஸ்மென்ட், பொருளை அங்க போடுன்னு ரொம்ப இயல்பா போயிடும். லூவ்ர் அளவுக்கு காசும் பேரும் இருக்கிற இடமே இதுல தப்ப முடியல. 2016 ஜூன்ல சேன் நதி ஆறு மீட்டரைத் தாண்டினப்ப கீழ இருந்த பொருளையெல்லாம் அவசர அவசரமா மேல தூக்கினாங்க. இப்ப பாரிஸை விட்டே வடக்கே தள்ளி லியவான்ல தனிக் கிடங்கு கட்டியிருக்காங்க, 2019-ல திறந்தது, ஆத்து வெள்ளம் எட்டாத இடம். சின்ன ஊரு மியூசியமும் இதையே செய்யலாம், ஊருக்கு மேட்டுப் பக்கம் ஒரு சாதாரண கொட்டகை, நல்ல கூரை, நல்ல ஏசி, போதும். கரையில இருக்கிற கட்டடமும் அந்த அளவுக்கு இளைக்கும், பெட்டி சின்னதாகும், முகப்புச் சண்டையில பாதி தானா குறைஞ்சிடும். என்ன, அந்தக் கொட்டகைக்கு ரெண்டர் போட்டுக் காட்ட ஒண்ணுமில்ல, ரிப்பன் வெட்டவும் யாரும் வர மாட்டாங்க, அதனால பட்ஜெட்ல முதல்ல வெட்டுறது அதைத்தான்.